நாலு டிக், ஒரே ஸ்டீயரிங்காம்!

கார் கம்பெனிக்காரன் கொடுக்கிற பளபள புரோஷரை எப்பவாவது பொறுமையா உட்கார்ந்து படிச்சிருக்கீங்களா? நான் படிச்சேன். கப் ஹோல்டருக்கு ஒரு வரி. கூலிங் கிளாஸ் வைக்கிற பெட்டிக்கு ஒரு வரி. பின்சீட்டுக்காரர் போன் சார்ஜ் போடுற ஓட்டைக்கு ஒரு வரி, அதுலயும் அது பழைய ஓட்டையா, சி-டைப் ஓட்டையான்னு விளக்கம். கதவுக் கைப்பிடி குரோமா, வண்டி கலரா, வெறும் கறுப்பான்னு வேரியன்ட் வேரியன்ட்டா பிரிச்சுப் போட்டிருக்கான். சரி, ஸ்டீயரிங்குக்கு? 'எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்' அப்படின்னு ஒரே ஒரு வரி. எதிர்ல நாலு டிக். பேஸ் மாடலுக்கு டிக், மிட்டுக்கு டிக், டாப்புக்கு டிக், டாப்புக்கும் மேல ஒரு டாப் வச்சிருக்கானே, அதுக்கும் டிக். முடிஞ்சது விஷயம்.

நாலு டிக்கும் ஒண்ணுதானா? பேப்பர் ஆமாங்குது. கை இல்லைங்குது.

டெஸ்ட் டிரைவுக்குக் கொடுத்தது டாப் வேரியன்ட். எப்பவும் அதைத்தான் கொடுப்பாங்க, உங்களுக்கும் தெரியும். பதினாறு இன்ச் அலாய் வீல், ஸ்டீயரிங்குக்குத் தோல் உறை, டர்போ இன்ஜின். ஓட்டினேன். பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. கைக்கு ஒரு கனம் தெரிஞ்சது. திருப்பினா திரும்புச்சு, பிடியைத் தளர்த்தினா தானா நேரா வந்துச்சு. ஒரு கார்கிட்ட நான் கேட்கிறது அவ்வளவுதான். வாங்கினது, நம்ம பட்ஜெட்டுக்கு, அதே காரோட நடு வேரியன்ட். சன்ரூஃப் கிடையாது, அலாய் கிடையாது, கல்யாண மண்டபத்துக்கு எரியிற சீரியல் லைட்டுக்குப் பேர் மாத்தி ஆம்பியன்ட் லைட்டுங்கிறானே, அதுவும் கிடையாது. இதெல்லாம் இல்லைன்னு தெரிஞ்சேதான் காசு கட்டினேன். புரோஷர்ல சொல்லியிருந்தான், விலையையும் அதுக்கேத்தபடி குறைச்சிருந்தான். நியாயம்தானே? ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

ஆனா ஸ்டீயரிங் வேறயா இருக்கும்னு எந்தப் பக்கத்துலய்யா போட்டிருந்தீங்க?

ஜி.எஸ்.டி. ரோட்டுல பரனூர் டோல்கேட் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, வண்டி எண்பது தொண்ணூறுன்னு நிதானமா போகுது. மதுராந்தகம் ஏரிப் பக்கம் குறுக்குக் காத்து. வண்டி லேசா ஒதுங்குது. திருத்தலாம்னு ஸ்டீயரிங்கை அசைச்சா முதல்ல ஒண்ணுமே நடக்கலை. இன்னும் கொஞ்சம் அசைச்சா, கேட்டதுக்கு மேல திரும்புது. உடனே எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கணும். நீர்மோர்ல மத்தைச் சுத்துறதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு: சுத்துது, ஆனா அடியில என்ன இருக்குன்னு கைக்கு ஒண்ணும் தெரியலை. வலது பக்கம் ஒரு ஆம்னி பஸ், கண்ணாடியை உரசாத குறையா தாண்டிப் போறான். அந்த நேரத்துல எனக்கு சன்ரூஃப் இல்லையேங்கிற கவலை வரலைங்க. முன் சக்கரம் எங்கே பார்த்துக்கிட்டு இருக்குன்னு தெரியலையேங்கிற கவலைதான் வந்துச்சு.

'ஒரு ஸ்டீயரிங்குக்கு இவ்வளவு அலட்டலா?'ன்னு என் மச்சானே கேட்டார். கேட்கட்டும். சீட்டை முதுகு தொடும், ஹாரனைக் காது கேட்கும். ஆனா ரோட்டுக்கும் நமக்கும் நடுவுல இருக்கிற ஒரே பேச்சுவார்த்தை இந்த ஒரு வளையம்தான். அது ஊமையாயிட்டா மத்த சொகுசெல்லாம் எதுக்கு?

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா எரிச்சல் இன்னும் கூடும். அந்தக் கால ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்ல, இன்ஜின் பெல்ட்டு ஒரு பம்பைச் சுத்தும். பம்பு எண்ணெயை அழுத்தும், நீங்க திருப்புற பக்கம் அந்த அழுத்தம் கை கொடுக்கும். இப்ப இருக்கிறது எலெக்ட்ரிக். ஸ்டீயரிங் தண்டுக்கு நடுவுல மெல்லிசா, முறுக்கிக் கொடுக்கிற ஒரு கம்பி. டார்ஷன் பார்னு பேர். நீங்க திருப்பும்போது அது எவ்வளவு முறுக்கிக்குதுன்னு ஒரு சென்சார் அளக்கும். வண்டி என்ன வேகத்துல போகுதுன்னும் கம்ப்யூட்டர் பார்க்கும். ரெண்டையும் வச்சு, மோட்டார் எவ்வளவு உதவி செய்யணும்னு ஒரு கணக்கு. பார்க்கிங் வேகத்துல நிறைய உதவி, ஹைவே வேகத்துல கொஞ்சமா உதவி. அதாவது உங்க கைக்குத் தெரியிற கனம் இரும்புலயிருந்து மட்டும் வரலை. ஒரு இன்ஜினியர் லேப்டாப்புல போட்ட கணக்குலயிருந்தும் வருது. கணக்கை மாத்தினா கனம் மாறும். ஸ்பேனரே தேவையில்லை.

சில வித்தியாசத்துக்கு உண்மையான காரணம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். டாப் வேரியன்ட் டயர் அகலம், நம்மது ஒல்லி. அகல டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடி வேற. டயரோட பக்கச் சுவர் உசரமா இருந்தா, நீங்க திருப்பினதும் முதல்ல அந்த ரப்பர் நெளியும், அப்புறம்தான் வண்டி திரும்பும். டீசல் இன்ஜின் கனமானது, மூக்குல பாரம் கூடும், ஸ்டீயரிங்கும் அதுக்கேத்தபடி மாறும். தோல் உறை போட்ட வளையம் தடிமனா கையில உட்காரும், வெறும் பிளாஸ்டிக் வளையம் வழுக்கும். அந்த மோட்டாரை டாஷ்போர்டுக்குக் கீழ தண்டுலயே மாட்டறது மலிவு. கீழே ரேக்குலயே மாட்டறது செலவு, ஆனா கைக்கு நல்லது. இதெல்லாம் படிச்சா புரிஞ்சுக்கக் கூடிய விஷயம்தான். அப்ப சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? 'இந்த வேரியன்ட்ல டயர் ஒல்லி, ஸ்டீயரிங் கணக்கும் வேற, ஹைவேல கொஞ்சம் லேசா இருக்கும்.' ஒரே வரி! கப் ஹோல்டருக்குக் கொடுத்த மரியாதைல பாதி கொடுத்தா போதும்.

ஷோரூம் தம்பிகிட்ட கேட்டேன். நல்ல பையன், கழுத்துல டை, நெத்தியில வேர்வை. "சார், எல்லா வேரியன்ட்லயும் பவர் ஸ்டீயரிங்தான் சார்" என்றார். இருக்கு தம்பி, இல்லைன்னா சொன்னேன்? ஃபீல் வேறயா இருக்கேன்னு கேட்கிறேன். "ஃபீல்னா... ஸ்மூத்தா இருக்கா சார்?" இருக்கு. அதுதான் பிரச்னையே. "ஸ்மூத்துன்னா நல்லதுதானே சார்?" அவருக்குக் கொடுத்த ட்ரெய்னிங்ல ஸ்டீயரிங்குக்கு ரெண்டே பதில்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க: இருக்கு, ஸ்மூத்தா இருக்கு. மூணாவதா ஒரு கேள்வி வரும்னு யாரும் எதிர்பார்க்கலை.

சர்வீஸ் சென்டர் கதை அதைவிட அமோகம். அட்வைசர் ஒரு டேப்லெட்டோட வந்து, "என்ன கம்ப்ளைன்ட் சார்?" என்றார். சொன்னேன். அவர் அந்தத் திரையில தேடினார். ஸ்டீயரிங் சத்தம், இருக்கு. ஸ்டீயரிங் டைட், இருக்கு. வண்டி ஒரு பக்கம் இழுக்குது, இருக்கு. ஸ்டீயரிங் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது? அதுக்கு ஆப்ஷன் இல்லை. கடைசியில 'ஜெனரல் செக்கப்'னு போட்டார். ஸ்கேனரை மாட்டினாங்க. எர்ரர் கோடு எதுவும் வரலை. அவ்வளவுதான், தீர்ப்பு வந்தாச்சு. "சிஸ்டத்துல ஒண்ணும் காட்டலை சார்." சிஸ்டம் காட்டலைன்னா எனக்கு வலிக்கலைன்னு அர்த்தமா? நான் கை வச்சு ஓட்டுறேன், அவர் ஒயர் வச்சுப் பார்க்கிறார், ஒயர் சொல்றதுதான் சாட்சி.

சும்மா அனுப்ப முடியுமா? வீல் அலைன்மென்ட், பேலன்சிங், டயருக்கு நைட்ரஜன்னு ஒரு பில் வந்துச்சு. புது வண்டி, அலைன்மென்ட் ஏற்கெனவே சரியாத்தான் இருந்திருக்கு. அதை அவங்க கொடுத்த பிரின்ட்டே பச்சை பச்சையா சொல்லுது. சரியா இருக்கிறதைச் சரி பண்ணினதுக்குக் காசு கொடுத்துட்டு வெளியே வந்தா, அட்வைசர் கதவைத் திறந்து விட்டபடி அந்த மந்திரத்தைச் சொன்னார்.

"ஓட்ட ஓட்ட பழகிடும் சார்."

பழகிடும்! நம்ம ஊர்ல எந்தப் புகாருக்குத்தான் இந்த மருந்து வேலை செய்யலை? லிஃப்ட் தரைக்கு ரெண்டு இன்ச் மேலயே நிக்குது: பழகிடும். மேல் மாடி குழாய்ல தண்ணி நூலா வருது: பழகிடும். பேங்க் ஆப்பு பணம் அனுப்பும்போது பாதியில தூங்குது: பழகிடும். ரோட்டைத் தோண்டி மூடின இடத்துல மேடு: வண்டிக்கும் பழகிடும், முதுகுக்கும் பழகிடும். உண்மையிலேயே பழகிடுதுங்க, அதுதான் கொடுமை. போன தடவை திண்டிவனம் போய்த் திரும்பும்போது எனக்கே அவ்வளவா தெரியலை. ஸ்டீயரிங் திருந்தலை. என் கைதான் எதிர்பார்க்கிறதை விட்டுடுச்சு.

தெரு மூலையில ஒரு மெக்கானிக் இருக்கார். அம்பாசடர் காலத்து ஆளு. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்து பானெட்டைத் திறந்தார், உத்துப் பார்த்தார், மூடினார். "நீங்க சொல்றது கரெக்டுதான் சார். நடுவுல செத்துக் கிடக்கு. ஆனா இதுல கை வைக்க எனக்கு ஒண்ணும் இல்லையே. பழைய வண்டின்னா ரேக்கை லேசா டைட் வச்சுக் குடுத்துடுவேன். இது மோட்டாரு, கம்ப்யூட்டரு. தொட்டா வாரன்டி போச்சும்பான்." டீ வாங்கிக் கொடுத்தேன், காசு வாங்க மாட்டேன்னுட்டார். இவ்வளவு அலைச்சல்ல 'நீங்க சொல்றது கரெக்டு'ன்னு சொன்ன ஒரே மனுஷன் அவர்தான்.

அம்பாசடர்னதும் ஞாபகம் வருது. உத்தரபாராவுல 2014 வரைக்கும் செஞ்சாங்களே, அந்த வண்டியோட பழைய மாடல்கள்ல பெரிய வளையம், பவர் கிவர் எதுவும் கிடையாது. நின்ன இடத்துல திருப்பணும்னா தோள்பட்டை எழுந்து வரணும். ஆனா கிளம்பிட்டா, ரோட்டுல இருக்கிற கூழாங்கல்லு வரைக்கும் கைக்குச் செய்தி வரும். 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. அதுலயும் பவர் ஸ்டீயரிங் இல்லை. தேவையும் இல்லை, மொத்த வண்டியே 650 கிலோ சொச்சம், பன்னிரண்டு இன்ச் சக்கரம், ஒல்லி டயர். இன்னிக்கு நடுத்தர எஸ்யூவின்னாலே 1,200 கிலோவைத் தாண்டுது, டயரும் அதுக்கேத்த அகலம். மோட்டார் உதவி இல்லாம பார்க்கிங்ல திருப்பினா டாக்டர்கிட்டதான் போகணும். அதனால பழைய காலம்தான் பொற்காலம்னு ஒப்பாரி வைக்க நான் வரலை. அந்த ஸ்டீயரிங்ல குழந்தையை ஸ்கூல்ல விட்டுட்டு வந்த அம்மாக்களைக் கேட்டா உண்மை தெரியும்.

பவர் ஸ்டீயரிங்கோட பிறப்பே காசுக் கணக்குலதான் சிக்கிச்சு. அமெரிக்காவுல பியர்ஸ் ஆரோ கம்பெனியில லாரிப் பிரிவு இன்ஜினியரா இருந்த பிரான்சிஸ் டேவிஸ், 1920களிலேயே இதைச் செஞ்சு காட்டிட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் எடுத்துப் பார்த்துட்டு, செலவு கட்டாதுன்னு ஓரமா வச்சிடுச்சு. 1951ல கிரைஸ்லர் இம்பீரியல்ல வந்த பிறகுதான் பொதுஜனம் கார்ல அதைப் பார்த்தது. எலெக்ட்ரிக் வந்தது 1988ல, ஜப்பான்ல சுசூகி செர்வோங்கிற குட்டிக் கார்ல.

அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு ஹோண்டா ஒரு காரியம் பண்ணினான் பாருங்க. என்எஸ்எக்ஸ்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார். ஆட்டோமேட்டிக் வாங்கினா எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உண்டு. மேனுவல் கியர் வாங்கினா கிடையாது, வெறுங்கைதான். ஒரே கார், ரெண்டு ஸ்டீயரிங். அதை அவன் ஒளிக்கலை, வெளிப்படையா சொன்னான். எந்த ஸ்டீயரிங் வேணும்னு வாங்குறவனே முடிவு பண்ணிக்கிட்டான். நம்ம ஊர்க் கதையைப் பாருங்க. 2015ல ஒரகடத்துலயிருந்து ரெனோ க்விட் வந்துச்சு, ஆரம்ப விலை 2.57 லட்சம். அந்தக் கடைசி வேரியன்ட்ல ஏசியும் இல்லை, பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. ஜப்பான்காரனுக்கு அது ரசனைக்காக இல்லாம போச்சு, நமக்குப் பட்ஜெட்டுக்காக. பரவாயில்லைங்க! இல்லைன்னு போட்டிருந்தான். டிக் இருக்க வேண்டிய இடத்துல கோடு இருந்துச்சு. அந்தக் கோட்டுக்கு இருக்கிற நேர்மை என் வண்டியோட டிக்குக்கு இல்லை.

ஹைட்ராலிக்கை ஏன் விட்டாங்க? மைலேஜுக்குத்தான். அந்தப் பம்பு, நீங்க நேர் ரோட்டுல போனாலும் சுத்திக்கிட்டே இருக்கும், இன்ஜின் சக்தியைத் தின்னுக்கிட்டே இருக்கும். எலெக்ட்ரிக் மோட்டார் கேட்டாதான் வேலை செய்யும். போதாக்குறைக்கு, லேனை விட்டு விலகினா வண்டியே திருத்திக்குது, தானா பார்க் பண்ணுதுங்கிற வித்தையெல்லாம் அந்த மோட்டாரை வச்சுத்தான் சுலபமா நடக்குது. 'லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?'ன்னு நாமும்தானே முதல் கேள்வியா கேட்கிறோம்.

அதே ஜி.எஸ்.டி. ரோட்டுல மறைமலை நகர் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஃபோர்டு ஃபிகோ ஞாபகம் வரும். 2010ல அங்கே தயாராகி வந்த முதல் ஃபிகோவுக்கு ஹைட்ராலிக் ஸ்டீயரிங். ஓட்டினவங்க இன்னிக்கும் அதைப் பத்திப் பேசுவாங்க. ஊர்க்காரர் ஒருத்தர், பெயின்ட் உரிஞ்சு போன அந்த வண்டியை இன்னும் விக்க மாட்டேங்கிறார். 2015ல குஜராத் சாணந்துலயிருந்து அடுத்த ஃபிகோ வந்துச்சு. அதே பேரு, ஸ்டீயரிங் எலெக்ட்ரிக். 'பழைய கை சுகம் இல்லையே'ன்னு விசிறிகள் புலம்பினாங்க. அட, 2011ல போர்ஷே 911 எலெக்ட்ரிக்குக்கு மாறினப்போ உலகத்துல இருக்கிற கார்ப் பத்திரிகையெல்லாம் ஒப்பாரி வச்சது. கோடி ரூபா கொடுத்து வாங்குறவனுக்கும் கை இருக்கு போல. ஆனா அவன் புலம்பினா கம்பெனி திரும்பிப் பார்த்துக் கணக்கைத் திருத்துது. நான் புலம்பினா நைட்ரஜன் அடிச்சு விடுறான்.

இப்ப வீட்டுக் கதைக்கு வர்றேன். வீட்டம்மா வண்டியை ஓட்டினாங்க, மால் பேஸ்மென்ட்ல ஒரே கையால சுத்தி ரிவர்ஸ்ல சொருகினாங்க. "நல்லாத்தானே இருக்கு, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாங்க. நூத்துக்கு நூறு சரி. பார்க்கிங்ல லேசா இருக்கணும், நம்ம ஊர் டிராஃபிக்ல லேசா இருக்கணும், அதுல எனக்கும் சண்டை இல்லை. பார்க்கிங்ல லேசா இருக்கிற அதே ஸ்டீயரிங், நூறுல போகும்போது கனமாகணும். எலெக்ட்ரிக்கோட பெருமையே அதுதானே? அந்த வித்தை தெரிஞ்ச மோட்டாரை வச்சுக்கிட்டு, எல்லா வேகத்துலயும் ஒரே லேசுன்னு விட்டா யாரைக் கேட்கிறது?

ஏன் அப்படி விடுறாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன். டெஸ்ட் டிரைவ் எங்கே நடக்குது? ஷோரூம் வாசல்ல கிளம்பி, முதல் சிக்னல்ல இடது, பெட்ரோல் பங்க்ல யூ-டர்ன், திரும்ப வாசல். அந்தத் தம்பி பக்கத்துல உட்கார்ந்து, "இப்ப ஏசி பாருங்க சார், இப்ப ஆடியோ பாருங்க சார்"னு கமென்ட்ரி கொடுப்பார். வேகம் நாப்பதைத் தொடாது. அந்த ரவுண்டுல எந்த ஸ்டீயரிங் ஜெயிக்கும்? ஒரு விரல்ல சுத்துறதுதான். மதுராந்தகம் ஏரிக் காத்து டெஸ்ட் டிரைவ்ல வராதே! கார் முழுக்க அந்த ஒரு ரவுண்டுக்காகவே ட்யூன் பண்ணியிருக்கோன்னு எனக்கு ஒரு சந்தேகம். வாங்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஜெயிச்சா போதும். அப்புறம் பத்து வருஷம் ஓட்டுறது நம்ம தலையெழுத்து.

'இல்லைங்க, இந்த மோட்டாரால இவ்வளவுதான் முடியும்'னு சொன்னா கேட்டுக்கலாம். முடியுமே! 2021ல ஹூண்டாய் ஐ20 என் லைன் வந்தப்போ என்ன சொல்லி வித்தாங்க? சாதா ஐ20யைவிட இதுல ஸ்டீயரிங்கைக் கனமா ட்யூன் பண்ணியிருக்கோம், சஸ்பென்ஷனை இறுக்கியிருக்கோம்னு. நல்லா பண்ணியிருந்தாங்க, அதை மறுக்கலை. ஆனா பாருங்க, கைக்குத் தெரியிற கனம்ங்கிறது இப்ப தனியா விலை போட்டு விக்கிற சரக்காயிடுச்சு. சில வண்டியில 'ஸ்போர்ட்'னு ஒரு பட்டன். அமுக்கினா ஸ்டீயரிங் கனமாகுது, கனமாகுது அவ்வளவுதான். ரோடு பேசாது, மோட்டார் வேணும்னே முரண்டு பிடிக்கும். கனம் வேற, சேதி வேற. இந்த வித்தியாசம் தெரிஞ்ச இன்ஜினியருக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? ஸ்டீயரிங்கே செஞ்சு பிழைக்கிற கம்பெனிகள் இருக்கிற ஊருங்க இது. மெட்ராஸ்ல 1929ல தொடங்கின ரானே குழுமத்துக்கு ஸ்டீயரிங்தானே முக்கியத் தொழில்! திறமை இங்கே இருக்கு, சாமான் இங்கே இருக்கு. புரோஷர்ல ஒரு வரி எழுதத்தான் ஆள் இல்லை.

பழுதுன்னா கேட்க வழி இருக்கு. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறையுள்ள வண்டியைத் திரும்பக் கூப்பிடச் சொல்ற அதிகாரத்தை அரசு எடுத்துக்கிட்டது. 2023 ஜூலையில மாருதி, ஸ்டீயரிங் டை ராட்ல குறை இருக்கலாம்னு 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது. அமெரிக்காவுல ஹோண்டா சிவிக் கார் வச்சிருக்கிறவங்க, 'நேர் ரோட்டுல ஸ்டீயரிங் ஒட்டிக்குது, திடீர்னு விடுது'ன்னு சாதாரண பாஷையில எழுதிப் போட்டாங்க. அரசு அதைக் காதுல வாங்கி விசாரிச்சது. 2024 அக்டோபர்ல ஹோண்டா சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது. யாரும் அவங்ககிட்ட எர்ரர் கோடு எங்கேன்னு கேட்கலை. என் வண்டியில பழுதே இல்லை, அதுதான் என் கஷ்டம். எதுவும் உடையலை, எதுவும் ஒட்டலை. டெஸ்ட் டிரைவ்ல ஒண்ணைக் காட்டி, டெலிவரில வேற ஒண்ணைக் கொடுத்திருக்காங்க. இதுக்கு எந்தச் சட்டத்துல எந்தப் பிரிவு?

கடைசியா ஒண்ணு. சர்வீஸ் முடிஞ்சு கிளம்பும்போது அட்வைசர் குரலைத் தாழ்த்தி, "சார், ஹெட் ஆபீஸ்லருந்து ஒரு கால் வரும். பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார். ஒன்பதுன்னு சொன்னாக்கூட எங்களுக்கு அது ஜீரோ சார்" என்றார். அவர் சம்பளத்துல கை வைப்பாங்களாம். மறுநாளே கால் வந்துச்சு. ஒரு பொண்ணு, ரொம்ப மரியாதையா கேட்டுச்சு. வண்டி கழுவினது திருப்தியா சார்? சொன்ன நேரத்துக்குக் கொடுத்தாங்களா? வெயிட்டிங் ஹால்ல காபி கொடுத்தாங்களா? பில்லை விளக்கிச் சொன்னாங்களா?

"காபி நல்லா இருந்துச்சும்மா. ஸ்டீயரிங் பத்தி..."

"சார், ஒன்னுலருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க சார்."

எட்டுன்னு சொல்லி வச்சேன். அரை மணி நேரத்துல அட்வைசர் போன் பண்ணிட்டார். குரல் தழுதழுக்குது. "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? என்ன கம்ப்ளைன்ட்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!"